கோடைத் தோட்டம்: விதைக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

மாசி பாதி கடந்ததும் நெமிலி, காவேரிப்பாக்கம், அரக்கோணம் பகுதிகளில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். பிப்ரவரியில் 32, 33 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும் பகல் வெப்பம் மார்ச்சில் 35, 36 ஆகிறது. ஏப்ரலில் 38ஐ நெருங்குகிறது. கத்திரியில் 40ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. அதிகாலையில் கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருக்கும் இந்த நாட்களில்தான் நம் வீடுகளில் பலருக்குத் தோட்டம் போடும் ஆசை வருகிறது. சில ஆண்டுகளாக ரமளானும் இந்தப் பருவத்தை ஒட்டியே வருவதால், நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய புதினாவும் கொத்தமல்லியும் வீட்டுத் தொட்டியிலேயே கிடைத்தால் நல்லது என்று நினைக்கிறோம்.

நல்ல ஆசைதான். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகிவிடுகிறது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் மாசியில் ஆசையாகப் போட்ட தோட்டம் சித்திரையில் கருகிப்போவதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்! விதை சரியில்லை என்கிறார்கள், கைராசி இல்லை என்கிறார்கள். நம் வட்டாரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை.

நெமிலி டேனரி ஊர் அல்ல. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து உருவான இராணிப்பேட்டை மாவட்டத்தின் ஒரு தாலுகா அது. ஏரியை நம்பி நெல் விளையும் பூமி. பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்கு வரும் நீர்தான் இந்தப் பக்கத்துக்கு உயிர். அதே பாலாறு அணைக்கட்டை அடையும் முன்பு வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், மேல்விஷாரம் என்று தோல் தொழில் நடக்கும் ஊர்களையெல்லாம் கடந்து வருகிறது. நெமிலியில் ஒரு குடும்பம் இருந்தால் ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ அதற்கு ஒரு சம்பந்தி வீடு இருக்கும். இரண்டு வீட்டிலும் ஒரே விதையைப் போடுவார்கள். ஓர் இடத்தில் வெண்டை காய்க்கும், இன்னோர் இடத்தில் இலை ஓரம் கருகி நின்றுவிடும்.

தோல் நம் சமூகத்துக்குச் சோறு போட்ட தொழில். பள்ளிவாசல்களும் கல்விக்கூடங்களும் அந்த வருமானத்தில் எழுந்தவை. அதை மறக்காமலேயே இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பச்சைத்தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். பதனிடும் முன் அந்த உப்பையெல்லாம் ஊறவைத்துக் கழுவி எடுக்க வேண்டும். அந்தக் கழிவுநீர் பல பத்தாண்டுகள் மண்ணிலும் ஆற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தபோது, டேனரி வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அதில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. 2025 ஜனவரியிலும் பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது, உண்மை. ஆனால் நிலத்தடியில் ஒருமுறை இறங்கிய உப்பு ஒரு மழைக்காலத்தில் வெளியேறிவிடாது.

12ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் எழுதிய ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்ற வேளாண் நூல் மண்ணில் தொடங்கி, எருவுக்குப் போய், பிறகு தண்ணீரைப் பேசுகிறது. மரம் செடிகளெல்லாம் அதற்குப் பிறகுதான். நாமும் அந்த வரிசையில் போவது நல்லது. இங்கே தண்ணீரை முன்னால் வைக்கிறோம்.

உப்புக் கணக்கு

ஆர்.ஓ. இயந்திரம் பொருத்த வருபவர் கையில் ஒரு சிறிய டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை அது காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை. பாசனத்துக்கு உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதலும் ஏறத்தாழ இதே எல்லைகளைத்தான் சொல்கிறது. 450க்குக் கீழே என்றால் கவலையில்லை. 450 முதல் 2,000 வரை பார்த்துப் பயிர் செய்ய வேண்டும். 2,000க்கு மேல் போனால் பெரும்பாலான காய்கறிகளுக்கு ஆகாது.

உங்கள் போர் தண்ணீர் 1,500 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. கோடையில் ஒரு குரோ பேக்குக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் ஊற்றினால் 3 கிராம். மாசி, பங்குனி, சித்திரை என்று 90 நாளில் 270 கிராம். கால் கிலோவுக்கு மேல் உப்பை ஒரே பைக்குள் போட்டிருக்கிறோம்! தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்பது இதுதான். இலை நுனியும் ஓரமும் தீய்ந்ததுபோல் ஆவதைப் பார்த்து வெயிலின் வேலை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அதே தண்ணீரை ஊற்றுகிறோம். வேரைச் சுற்றி உப்பு ஏறிவிட்டால், மண் ஈரமாக இருந்தும் செடியால் நீரை இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றபடியே வாடும்.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் இதில் மோசமான பழக்கம். மேல்மண் மட்டும் நனைந்து, உப்பு அங்கேயே தங்கும். ஊற்றினால் அடிவரை இறங்கும்படி ஊற்ற வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கிடைத்த நல்ல தண்ணீரை (மழைநீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர், நகராட்சிக் குழாய் நீர்) பையின் அடியிலிருந்து வழிந்தோடும் வரை ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். அதற்குப் பையின் அடியில் துளை அடைபடாமல் இருக்க வேண்டும். கோடையில் ஓரிரண்டு மழை பெய்தால் தொட்டிகளை மழையில் நனைய விடுங்கள், உள்ளே எடுத்து வைக்காதீர்கள்.

ஆர்.ஓ. கழிவுநீரைத் தோட்டத்துக்கு விடுவது இப்போது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் சரி, ஆனால் கணக்கைப் பாருங்கள். 4 லிட்டரில் 1 லிட்டர் குடிநீராகி 3 லிட்டர் வெளியேறுகிறது என்றால், அந்த 4 லிட்டரின் உப்பு அநேகமாக முழுவதும் 3 லிட்டரில் இருக்கிறது. 1,500 உள்ள தண்ணீர் 2,000 ஆகிவிடும். கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் அதைப் பயன்படுத்துங்கள். தென்னைக்கும் பேரீச்சைக்கும் விடலாம். தொட்டிச் செடிகளுக்கு வேண்டாம்.

மீட்டர் காட்டாத ஒன்று

டி.டி.எஸ். மீட்டர் உப்பின் அளவைச் சொல்லும், அது என்ன உப்பு என்று சொல்லாது. குரோமியம் இருக்கிறதா என்று அதில் தெரியாது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரம். இவ்வளவு சிறிய அளவு ஆய்வுக்கூடத்தில் மட்டுமே தெரியும். தோல் பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறன் குரோமியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், அதிகம் நகராது. ஆறிணைதிறன் குரோமியம் நீரோடு ஓடும், புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை வளாகத்தில் மலைபோல் குவிந்த கழிவு பற்றி அறிந்திருப்பீர்கள். 2006இல் ஓர் அமெரிக்க அமைப்பு வெளியிட்ட, உலகில் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றதற்கு அதுவே காரணம்.

இதைக் கேட்டு நெமிலியில் இருப்பவர் தோட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. பழைய டேனரி இருந்த மனை, கழிவுநீர் ஓடை ஓரம், எங்கிருந்தோ லாரியில் மண் அடித்து மேடாக்கிய இடம், இவற்றில் வீடு கட்டியிருப்பவர்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கெல்லாம் தரையில் நேரடியாகக் கீரையும் கிழங்கும் போடாதீர்கள். செடி உறிஞ்சும் குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்குகிறது. கீரை தரையோடு ஒட்டி வளர்வதால் மண்ணும் தூசியும் இலையில் படியும். ஆகவே முள்ளங்கி, பீட்ரூட், கீரை எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண் நிரப்பிய தொட்டியில் இருக்கட்டும். டேனரியில் சீவி எடுத்த தோல் தூள், கழிவுச் சேறு இவற்றை எருவென்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆட்டெரு, மாட்டெரு, மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு இவையே போதும்.

மண் பரிசோதனைக்கு வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. தண்ணீருக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம். கொடுக்கும்போதே குரோமியமும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக் கொடுங்கள். கேட்காவிட்டால் வழக்கமான சோதனையோடு விட்டுவிடக் கூடும். பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு தெருவுக்கு ஒரு போரின் நீரைச் சோதித்துக்கொண்டால் செலவு ஒன்றும் பெரிதல்ல. ஜமாஅத் நிர்வாகம் முன்னின்று செய்ய வேண்டிய வேலை இது என்பது நம் கருத்து.

உளூச் செய்த தண்ணீர்

நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ அளவு நீரில் உளூச் செய்ததாக ஹதீஸ் வருகிறது. இரு கை சேர்த்து அள்ளும் அளவு அது, ஒரு லிட்டர்கூட வராது. நம் வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுச் செய்யும் உளூவின் நீரை ஒருநாள் வாளியில் பிடித்துப் பாருங்கள்.

பயன்படுத்திய நீர் தூய்மையானதே, ஆனால் அதைக்கொண்டு மறுபடி உளூச் செய்ய முடியாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஹனஃபி மத்ஹபின் ஃபத்வாவும் அதுவே. எனவே செடிக்கு ஊற்றத் தடையில்லை. இதில் சோப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. தொட்டிச் செடிக்கு இதைவிடத் தோதான வீட்டு நீர் கிடைக்காது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் ஒருமுறைக்கு 2 லிட்டரோடு நிறுத்திக்கொண்டாலும் ஐந்து வேளைக்கு 50 லிட்டர். 25 குரோ பேக்குக்கு அது போதும். உளூச் செய்யும் இடத்தின் குழாயைத் தனியாகப் பிரித்துத் தோட்டத்துக்கு விட ஒரு பிளம்பருக்கு அரைநாள் வேலை. இஸ்தின்ஜா நீர் அதில் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். போர் தண்ணீரே உப்பாக இருந்தால் உளூ நீரும் உப்பாகத்தான் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரையும் விடலாம். இறைச்சி கழுவிய நீர் வேண்டாம். இரத்தம் கலந்த முதல் நீர் நஜீஸ், அதோடு ஈயும் எலியும் வரும். பாத்திரம் தேய்த்த நீர் வாழைக்கு மட்டும்.

ஊற்றும் நேரம் ஃபஜ்ருக்குப் பின் என்பது மிகச் சிறந்தது. பகல் முழுவதும் வெயிலைத் தாங்கச் செடிக்கு அது உதவும். முடியாதவர்கள் அஸருக்குப் பின் ஊற்றலாம். காலை 8 மணிக்குள் ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய சகோதரிகளுக்கு மண்பானை முறை நல்லது. மெருகிடாத சிறு மண்கலயத்தை இரண்டு செடிகளுக்கு நடுவே கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி மூடிவிடுங்கள். பானை தானாகக் கசிந்து வேருக்கு ஈரம் கொடுக்கும். இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். மண்ணின் மேல் காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை எதையாவது மூடாக்காகப் போட்டால் நீர் தேவை நன்றாகக் குறையும். நெமிலிப் பக்கம் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை.

எதைப் போடலாம்

தண்ணீர் நன்றாக இருந்தால் வெண்டை, கத்தரி, கொத்தவரை, பீர்க்கன், சுரை, வெள்ளரி எல்லாம் போடலாம். தண்டுக்கீரையும் போடலாம். முளைக்கீரை விதைத்த 25, 30 நாளில் கிடைத்துவிடும். தண்ணீர் ஓரளவு உப்பாக இருந்தால் தேர்வு மாற வேண்டும். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி, கத்தரி இவை உப்பைத் தாங்குவதில்லை. மிளகாயும் சுமார்தான். காராமணி நன்றாகத் தாங்கும். நல்ல மண் நிரப்பிய தொட்டியில் பீட்ரூட்டும் அப்படியே. தக்காளியும் வெள்ளரியும் நடுத்தரம். நம் மாவட்டங்களின் பெருமையான இலவம்பாடி முள்ளு கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள அதைவிடச் சிறந்த கத்தரி இல்லை என்போம். அதற்குத் தனியாக நல்ல தண்ணீர் ஒதுக்கினாலும் தகும்.

தக்காளியை மாசி கடைசியில் நட்டால் பங்குனி, சித்திரை வெயிலில் பூக்கும். பகல் 35ஐத் தாண்டி இரவும் சூடாக இருந்தால் மகரந்தம் வீரியம் இழந்து பூ உதிர்ந்துவிடும். செடி பச்சையாக இருக்கும், காய் இருக்காது. உரம் போட்டுப் பயனில்லை. தக்காளியைத் தை முதல் வாரத்திலேயே நட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஆடிவரை பொறுங்கள். கொத்தமல்லியும் வெயிலில் சீக்கிரம் பூவெடுத்துவிடும். சுவரின் கிழக்குப் பக்கம், பகல் 11 மணிக்குப் பிறகு நிழல் விழும் இடத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை கொஞ்சமாக விதைத்து வாருங்கள். புதினாவுக்கும் அந்த இடமே. மாடியில் இருப்பவை எல்லாவற்றுக்கும் பங்குனி முதல் 50 சதவீத நிழல்வலை வேண்டும். கருப்புப் பை மாடித் தரையின் சூட்டில் நேரடியாக உட்காராமல் செங்கல் மேல் இருக்கட்டும். தென்னை நார்க்கழிவு வாங்கினால் நல்ல நீரில் இரண்டு முறை அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள், அதிலும் உப்பு இருக்கும்.

சுரையும் பீர்க்கனும் கொடி ஓடிப் பூவாகப் பூத்தும் காய்க்கவில்லை என்பது கோடையில் பொதுவான புகார். வெப்பம் கூடினால் ஆண் பூக்களே அதிகம் வரும். தேனீயும் குறைவு. இவற்றின் பூக்கள் மாலையில் விரிபவை. அஸருக்கும் மஃரிபுக்கும் பின் ஓர் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சுள்ள பெண் பூவின் நடுவில் தடவுங்கள். பூசணிக்கு அதிகாலையில் செய்ய வேண்டும். மதீனத்து மக்கள் பேரீச்சை மரங்களுக்கு இப்படிச் செயற்கை மகரந்தச் சேர்க்கை செய்ததைப் பற்றிய ஹதீஸ் முஸ்லிம் நூலில் இருக்கிறது. அவர்கள் அதை நிறுத்தியபோது விளைச்சல் குறைந்தது. உலக விவகாரங்களை நீங்களே நன்கு அறிவீர்கள் என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள். பயிர் விஷயத்தில் அனுபவசாலியான விவசாயியிடமும் வேளாண் அலுவலரிடமும் கேட்டுச் செய்வது இந்த வழிகாட்டுதலுக்கு ஏற்றதே.

பூச்சிகளில் செம்பேனும் வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் வெயிலில்தான் பெருகும். வெண்டையின் இலை நரம்பு மஞ்சளாகிவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். மருந்து இல்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். அடுத்தமுறை அர்கா அனாமிகா போன்ற எதிர்ப்புத் திறன் உள்ள ரகம் வாங்குங்கள். மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறை மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல்.

பழ மரங்களைப் பொறுத்தவரை இந்தப் பருவம் நடுவதற்கு அல்ல, காப்பாற்றுவதற்கு. நர்சரியில் பூத்து நிற்கும் மாங்கன்றைப் பார்த்து வாங்கி வந்து பங்குனியில் வைத்தால் பிழைப்பது கஷ்டம். இருக்கும் மாவுக்கும் எலுமிச்சைக்கும் மாதுளைக்கும் ஒரே சீராக நீர் விடுங்கள். பல நாள் காயவிட்டுத் திடீரென்று நிறைய விட்டால் எலுமிச்சையும் மாதுளையும் வெடித்துவிடும். தண்ணீரைத் தண்டை ஒட்டி ஊற்றாமல் கிளைகளின் நிழல் விழும் வட்டத்தில் ஊற்றுங்கள், உறிஞ்சும் வேர் அங்கேதான் அதிகம். உப்பு நீர் உள்ள ஊர்களில் மாவும் எலுமிச்சையும் சிரமப்படும். கொய்யா, சப்போட்டா, நெல்லி, இலந்தை, மாதுளை தாங்கும். பேரீச்சை எல்லாவற்றையும்விட நன்றாகத் தாங்கும்.

புதிதாக மரம் வைக்க விரும்புபவர்கள் இப்போது குழியை மட்டும் எடுத்துவைக்கலாம். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். மேல்மண்ணை ஒருபுறமும் அடிமண்ணை மறுபுறமும் போட்டு, சித்திரை வெயில் முழுவதும் குழியில் விழட்டும். குழந்தைகள் உள்ள வீடானால் மேலே பலகை போட்டு வையுங்கள். ஆடியில் இரண்டு மழை பெய்தபின், மேல்மண்ணோடு மக்கிய ஆட்டெருவும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து குழியை நிரப்பிக் கன்றை வைக்கலாம்.